கசாயமும் வலி மாத்திரையும்: ரெண்டு மணி நேரம் தள்ளிப் போட்டால் போதுமா?

மாத்திரை உறையைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்பார்கள்: “அண்ணாச்சி, காலைல திரிகடுகு சாப்பிடுதேன். இதை எப்பப் போடணும்?” நெல்லை டவுனில் கேட்டாலும் களக்காட்டில் கேட்டாலும் மெடிக்கல்காரர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்க.” (திரிகடுகு என்பது சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த பொடி.) சில சேர்க்கைகளுக்கு அது சரியான பதில். வேறு பலவற்றுக்கு ரெண்டு மணி நேரம் என்ன, அரை நாள் தள்ளினாலும் பயனில்லை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கும் முறையைத்தான் இங்கே சொல்கிறோம். இதில் உள்ள அளவுகள் பெரியவர்களுக்கு மட்டும். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

மோதல் எங்கே நடக்கிறது

மாத்திரையும் மூலிகையும் மோத இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது இரைப்பையும் குடலும். இசப்கோல், ஊறவைத்த வெந்தயம் போன்ற நார்ப்பொருள்கள் மாத்திரையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல், குடலில் போய்க் கரைய வேண்டிய டைக்ளோஃபினாக் மாத்திரையின் மேல்பூச்சை இரைப்பையிலேயே கரைத்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்தித்தால்தான் இந்தத் தொல்லை. ஆகவே இடைவெளி விட்டால் தீர்ந்தது.

இரண்டாவது இடம், குடல் சுவரிலும் ஈரலிலும் இருக்கும் நொதிகள். மருந்தை மாற்றியமைத்து, சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேற்றத் தயார் செய்பவை இவை. சிஒய்பி என்ற குடும்பம் இதில் பெரிது. அதன் உறுப்பினர்களுக்கு 3ஏ4, 2டி6, 2சி9, 2இ1, 1ஏ2 என்று எண்ணும் எழுத்துமாகப் பெயர். மூலிகையில் உள்ள ஒரு பொருள் நொதியை அடைத்துவிட்டால், மடை அடைபட்ட குளத்தில் தண்ணீர் ஏறுவதுபோல் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். வேறொரு பொருள் ஈரலைத் தூண்டி நொதியைக் கூடுதலாகச் செய்ய வைத்தால், வலி குறையும் முன்பே மருந்து வடிந்துவிடும்.

இந்த விளைவு கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. பம்ப்ளிமாஸ் பழத்திலும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டிலும் உள்ள ஃபியூரனோகூமரின்கள் குடல் சுவரின் 3ஏ4 நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. புது நொதி உருவாக 1 முதல் 3 நாள் வரை ஆகும். காலையில் பழம், ராத்திரி மாத்திரை என்று பிரித்தாலும் அந்த மாத்திரை அடைபட்ட குடல் வழியாகத்தான் போகிறது. தூண்டும் பொருள்கள் இன்னும் மெதுவானவை. முழு வேகம் பிடிக்க ஒன்றிரண்டு வாரம், நிறுத்திய பிறகு அடங்கவும் ஏறக்குறைய அதே காலம்.

முதல் வேலை: அட்டையைப் படிப்பது

நம் பக்கத்தில் இது நினைப்பதைவிடச் சிரமம். “இடுப்பு வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க” என்று கேட்டால், அட்டையிலிருந்து கத்தரித்த நாலைந்து உதிரி மாத்திரைகளைச் சின்னக் காகித உறையில் போட்டு ‘செட்’டாகத் தருவார்கள். பெயர் அச்சடித்த துண்டு பெரும்பாலும் கடையிலேயே நின்றுவிடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு ஆரஞ்சு. நிறத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. பெயருள்ள பக்கமாகக் கத்தரித்துத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொன்றின் மூலப்பொருள் பெயரையும் மில்லிகிராமையும் உறைமேல் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டுக்கும் மறுத்தால் அந்த செட் வேண்டாம்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அது நமக்குத் தேவையில்லை. கீழே பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பெயர்களையும் அளவுகளையும் பாருங்கள். வணிகப் பெயருக்குப் பின்னால் ‘பி’ என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பாராசிட்டமால் கலந்தது. ‘எஸ்பி’ என்றால் வீக்கத்துக்கென்று தரும் செராஷியோபெப்டிடேஸும் சேர்ந்தது. ‘எம்ஆர்’ என்றால் தசை தளர்த்தி, பல நேரம் டிசானிடின். இது ஊகத்துக்கு மட்டுமே உதவும். பொடி எழுத்துதான் சாட்சி.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 45 கிலோ எடையுள்ள அம்மா, பீடி சுற்றி இடுப்பு வலி, கூடவே காய்ச்சல். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 மூன்று வேளை: 1950 மி.கி. இடுப்புக்கு அசிக்ளோஃபினாக்-பி இரண்டு வேளை, ஒவ்வொன்றிலும் 325: மொத்தம் 650. சளிக்கு வாங்கிய கூட்டு மாத்திரையில் 500 வீதம் இரண்டு: 1000. ஆக மொத்தம் 3600 மி.கி. பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தின் உச்சவரம்பு 4000 என்பதால் சரிதானே என்று தோன்றும். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குக் கிலோவுக்கு 75 மி.கி. என்று கணக்கிட்டால் இவருக்கு 3375தான். அதாவது வரம்பு தாண்டிவிட்டது. அதுவும் வேளாவேளைக்குச் சாப்பாடு சாப்பிட்டிருந்தால்தான் இந்த வரம்பே. ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள்: பெயர், மி.கி., ஒரு நாளைக்கு எத்தனை, எப்போதிலிருந்து, யார் கொடுத்தது. கசாயம், சூரணம், லேகியம், மகன் துபாயிலிருந்து அனுப்பிய மஞ்சள் கேப்ஸ்யூல், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடுவது எல்லாம் அதே தாளில் வரவேண்டும். ‘அது மருந்தில்லை, சும்மா சத்துக்கு’ என்று விட்டுவிடும் வரியில்தான் பெரும்பாலும் வில்லங்கம் இருக்கும்.

பாராசிட்டமால்

இதன் பெரும்பகுதியை ஈரல் குளுக்குரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். தொந்தரவில்லாத பாதை அது. 5 முதல் 10 சதவீதம் மட்டும் 2இ1 என்ற நொதி வழியே போய் நாப்கி என்ற நச்சுப்பொருளாகிறது. ஈரலில் உள்ள குளுட்டாதயோன் அதை உடனே பிடித்துச் செயலிழக்க வைக்கும். குளுட்டாதயோன் தீர்ந்துபோனால் நாப்கி ஈரல் செல்களையே பற்றிக்கொள்ளும்.

இது இரண்டு வழியில் கெடலாம். நாள்தோறும் குடிப்பவருக்கு 2இ1 கூடுதலாக இருக்கும், குளுட்டாதயோன் குறைவாக இருக்கும். குடிக்கும் நேரத்தில் சாராயமே அந்த நொதியைப் பிடித்துக்கொண்டிருப்பதால், ஆபத்து கூடுவது அது வடிந்த பிறகுதான். மறுநாள் காலைத் தலைவலிக்கு ரெண்டு ரெண்டாக மாத்திரை போடுவது அதனால்தான் மோசமான பழக்கம். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கும் இந்த நொதி கூடுகிறது. இரண்டாவது வழி பட்டினி. ரெண்டு மூன்று நாள் காய்ச்சலில் கஞ்சித் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடப்பவருக்குக் குளுட்டாதயோன் இருப்பு இறங்கிவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 2 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. 500 மி.கி. மாத்திரை நான்கு, வேளைக்கு ஒன்று, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில்.

அளவு மீறியதை உடம்பு உடனே காட்டாது. முதல் 24 மணி நேரத்தில் கொஞ்சம் குமட்டல், சோர்வு, அவ்வளவுதான். கண் மஞ்சளாவது பிறகு. அதைக் காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லியை அரைத்துக் குடித்து மூன்று நாள் பார்ப்பதுதான் இங்கே உயிரை வாங்கும் தாமதம். மாற்றுமருந்து அசிட்டைல்சிஸ்டீன். விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்யும். தெரிந்தோ தெரியாமலோ வரம்பு மீறியிருந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கோ போங்கள். காலி அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் எடுப்பவர்கள், பாராசிட்டமாலை நாளுக்கு 2 கிராம் வீதம் சில நாள் தொடர்ந்து எடுத்தாலே ஐஎன்ஆர் அளவு ஏறும், அதாவது இரத்தம் உறைய இன்னும் நேரமாகும். ஒன்றிரண்டு மாத்திரையால் ஒன்றுமாகாது. வாரக்கணக்கில் என்றால் இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென்

இவை பெரும்பாலும் 2சி9 வழியே உடைகின்றன. செலிகாக்சிப், பைராக்சிகாம் ஆகியவற்றுக்கும் அதே பாதை. எடோரிகாக்சிப் முக்கியமாக 3ஏ4 வழியே போகிறது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இந்த நொதியைக் கடுமையாகத் தூண்டுவதால், அதோடு எடோரிகாக்சிப் போட்டால் வலி கேட்காது. உடனே ரெண்டு மாத்திரையாக ஏற்றிக்கொள்ளாதீர்கள். டாக்டரிடம் வேறு மருந்து கேளுங்கள். படர்தாமரைக்கு இப்போது எல்லோரும் விழுங்கும் ஃபுளூகோனசோல் 2சி9 நொதியை அடைக்கும். செலிகாக்சிபின் இரத்த அளவு அதனால் இரண்டு மடங்காகிறது. தோலுக்கு மாத்திரை எடுப்பதை எலும்பு டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. அதனால் இதை இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

இந்த வகை மருந்துகள் வலியைக் குறைப்பதே வேறொரு நொதியை, சைக்ளோஆக்சிஜினேஸை, தடுத்துத்தான். 1971இல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆஸ்பிரினை வைத்துக் காட்டியது இதுதான். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பையின் காப்புச் சளியும் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டமும் அதே நொதியை நம்பியிருப்பதால்தான் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வருகின்றன. பிரஷருக்கு டெல்மிசார்டான் போன்ற மாத்திரை, அதோடு சிறுநீர் போக்கும் மாத்திரை, மேலே டைக்ளோஃபினாக், சித்திரை வெயிலில் வயல் வேலை என்று நான்கும் சேர்ந்தால் சிறுநீரகம் சில நாளிலேயே மடங்கக்கூடும். சிறுநீர் குறைகிறதா, கணுக்கால் வீங்குகிறதா என்று பாருங்கள்.

இதய நோய்க்காக ஆஸ்பிரின் 75 எடுப்பவர்களுக்கு ஒரு தனிச் செய்தி. ஐபுப்ரோஃபென் முந்திப் போய் அந்த நொதியில் உட்கார்ந்துவிட்டால் ஆஸ்பிரினுக்கு இடமிருக்காது, மாரடைப்புக் காப்பு போய்விடும். இங்கே நேரம் முக்கியம். ஆஸ்பிரின் எடுத்து 30 நிமிடமாவது கழித்து, அல்லது ஆஸ்பிரினுக்கு 8 மணி நேரத்துக்கு முன்பே ஐபுப்ரோஃபென் எடுக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2006இல் சொன்னது. அது பூச்சில்லாத ஆஸ்பிரினுக்கு. நம் கடைகளில் கிடைப்பது பல நேரம் பூச்சுள்ளது என்பதால், ஐபுப்ரோஃபெனைத் தவிர்த்துப் பாராசிட்டமாலோடு நிற்பதே வசதி.

முழங்கால், கைமூட்டு என்று ஒரே இடத்தில் வலி என்றால் டைக்ளோஃபினாக் ஜெல்லைப் பாருங்கள். தோல் வழியே இரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதன் சுமார் 6 சதவீதம்தான். மூலிகையோடு மோதும் கவலை பெருமளவு போய்விடும்.

காய்ச்சல் எதனால் என்று தெரியாதபோது இந்த வகை எதுவும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு கூடும். மழைக்காலக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்.

டிராமடால், கோடீன்: கணக்கு தலைகீழ்

கடும் வலிக்குத் தரும் அபின் வகை மருந்துகளான இவை, விழுங்கிய உருவில் அதிகம் வலி குறைப்பதில்லை. கோடீனில் 5 முதல் 10 சதவீதத்தை 2டி6 நொதி மார்ஃபினாக மாற்றுகிறது. அதுதான் வேலை செய்யும் பொருள். டிராமடாலுக்கும் அதே நொதிதான் வீரியத்தைத் தருகிறது. நொதி அடைபட்டால் இங்கே மருந்து ஏறாது, வலி அப்படியே இருக்கும். மன அழுத்தத்துக்கு எடுக்கும் ஃபுளுவாக்சடின், பராக்சடின் இரண்டும் 2டி6 நொதியை அடைப்பவை. டிராமடாலோடு சேர்ந்தால் வலியும் போகாது, நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று, செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப்பொருள் மிகையாவதும் நடக்கலாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் டிராமடால் ஆகாது.

சிலருக்குப் பிறப்பிலேயே இந்த நொதி கிடையாது. வேறு சிலருக்கு அளவுக்கு மிஞ்சி இருக்கும். பின்னவர்கள் சாதாரண அளவிலேயே மயங்கிவிடுவார்கள். தாய்ப்பால் வழியே குழந்தைக்கும் போகும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இரண்டும் கூடாது, பால் கொடுக்கும் தாய்மாருக்கும் வேண்டாம் என்று 2017இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது இதனால்தான். இந்தியாவில் 2018 ஏப்ரலிலிருந்து டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. சீட்டில்லாமல் தரும் கடை தப்பு செய்கிறது.

சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி மாத்திரையும், பாட்டி கிண்டி வைத்திருக்கும் பிள்ளைப்பேற்று லேகியமும் ஒரே நாளில் ஆரம்பமாகும். மிளகும் திப்பிலியும் சுக்கும் வண்டியாக இறங்கிய லேகியம் அது. சீட்டில் டிராமடால் இருந்தால், ‘பால் கொடுக்கிறேன், பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ போதாதா?’ என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கினாலோ, பால் குடிக்க எழாவிட்டாலோ, மூச்சு மந்தமானாலோ அதே நிமிடம் ஆஸ்பத்திரி.

அதே வகை வலி மருந்தான டபென்டடால் நொதிப் பாதையில் அவ்வளவு சிக்கலில்லாதது. நரம்பு வலிக்கான ப்ரீகாபலின் ஈரலைத் தொடாமல் சிறுநீரகம் வழியே போய்விடும். ஆனால் அமுக்கராவோடு (அசுவகந்தா) சேர்ந்தால் தூக்கமும் தலைசுற்றலும் கூடும்.

டிசானிடினும் பீடியும்

டிசானிடினை உடைப்பது 1ஏ2. இந்த நொதியை அடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசினோடு சேர்த்தால் டிசானிடினின் மொத்த அளவு சுமார் 10 மடங்கு ஏறுகிறது. பிரஷர் இறங்கி ஆள் விழுந்துவிடுவார். இடுப்பு வலிக்கு ஒரு டாக்டர், நீர்க்கடுப்புக்கு இன்னொரு டாக்டர் என்று போகும்போது நடப்பது இது. இரண்டு சீட்டையும் ஒருவரிடம் காட்டினால் தடுத்துவிடலாம்.

பீடி, சிகரெட் புகை இதற்கு எதிர்த்திசையில் 1ஏ2 நொதியைத் தூண்டும். தூண்டுவது நிகோடின் அல்ல, புகையில் உள்ள கரிப்பொருள்கள். ஆகவே வெற்றிலையோடு போடும் புகையிலை இதைச் செய்யாது. புகைப்பவர் ஆஸ்பத்திரியில் படுத்து ஒரு வாரம் பீடி இல்லாமல் இருந்தால் நொதி இறங்கிவிடும். பழைய அளவு மாத்திரையே அப்போது தலையைச் சுற்ற வைக்கும்.

மிளகு: ரசமா, சூரணமா?

நம் அஞ்சறைப்பெட்டியில் நொதியோடு நேரடியாக மோதும் சரக்கு என்றால் நல்லமிளகும் திப்பிலியும். இரண்டிலும் உள்ள பைப்பரின், 3ஏ4 நொதியையும் குளுக்குரோனைடு சேர்க்கும் நொதிகளையும் குடலில் மருந்தை வெளியே தள்ளும் பி-கிளைக்கோப்ரோட்டீனையும் தடுக்கிறது. மற்ற மருந்தின் வேகத்தைக் கூட்டத் திரிகடுகு சேர்ப்பது சித்த, ஆயுர்வேத மரபில் பழைய வழக்கம். 1970களின் கடைசியில் ஜம்மு மண்டல ஆய்வகத்தில் சி.கே. அடல் இதன் காரணத்தைத் தேடிப் பைப்பரினில் வந்து நின்றார். அந்த வழியில்தான், ரிஃபாம்பிசினை வழக்கமான 450க்குப் பதில் 200 மி.கி. ஆக்கி, 10 மி.கி. பைப்பரின் சேர்த்த காசநோய் மாத்திரை 2009இல் இந்தியாவில் வந்தது. மருந்தைப் பாதியாகக் குறைக்கும் அளவுக்கு வலுவுள்ள பொருள் என்றால், குறைக்காமல் சேர்த்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆரோக்கியமானவர்களுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. பைப்பரின் 10 நாள் கொடுத்துவிட்டு டைக்ளோஃபினாக் தந்து பார்த்த ஆய்விலும் மாத்திரையின் இரத்த அளவு ஏறியது.

மிளகில் பைப்பரின் சுமார் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு ரசம் வைக்க அரை டீஸ்பூன் மிளகுப்பொடி, ஏறக்குறைய 1 கிராம். ஆளுக்குக் கால் கிராம், அதாவது 12 மி.கி. பைப்பரின். தினமும் ரசம் சாப்பிடுபவரின் உடம்பில் இது ஏற்கெனவே நடப்பதுதான், மாத்திரை அளவும் அதற்குப் பழகியிருக்கும். ரசத்தை நிறுத்த வேண்டாம்.

திரிகடுகு சூரணம் 2 கிராம் என்பது வேறு கதை. மூன்றில் இரண்டு பங்கு மிளகும் திப்பிலியும் என்பதால் ஒரே வேளையில் 50 மி.கி. பக்கம் வந்துவிடும். ரெண்டு வேளை என்றால் 100. தாளிசாதி சூரணத்திலும் இவை உண்டு. நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளிலும் சுக்கும் மிளகும் உண்டு, ஆனால் கசாயத்தில் இறங்கும் பைப்பரின் குறைவு, அது தண்ணீரில் எளிதில் கரையாது. சூரணத்தைத் தேனில் குழைத்து விழுங்கும்போது அப்படியே உள்ளே போகிறது.

செய்ய வேண்டியது இதுதான்: டைக்ளோஃபினாக் வகையோ டிராமடாலோ தொடங்கும் நாளில் திரிகடுகைப் புதிதாகத் தொடங்காதீர்கள். மாத்திரை ஐந்து நாள்தான் என்றால் அந்த ஐந்து நாளும் சூரணத்துக்கு விடுப்பு. ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுப்பவர் என்றால், டாக்டரிடம் சொல்லி மிகக் குறைந்த அளவு மாத்திரையில் ஆரம்பியுங்கள். திடீரென்று தொடங்குவதும் நிறுத்துவதும்தான் மட்டத்தைக் குலைக்கும்.

மஞ்சளும் மற்றவையும்

சமையல் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் முழுதாகப் போட்டாலும் 90 மி.கி.தான், அதிலும் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் போய்விடும். 1998இல் பெங்களூரில் 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்து மனிதர்களுக்குக் கொடுத்தபோது உறிஞ்சப்படும் அளவு 20 மடங்கு கூடியது. அதற்குப் பிறகு கேப்ஸ்யூல்காரர்கள் எல்லோரும் மிளகுச்சாறு சேர்க்க ஆரம்பித்தார்கள். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் ஈரல் அழற்சியோடு வந்தவர்களில் பலர் இப்படி உறிஞ்சும் திறன் கூட்டிய மஞ்சள் கேப்ஸ்யூல் எடுத்தவர்கள். பாராசிட்டமாலை நாள்தோறும் எடுப்பவருக்கு இந்தக் கேப்ஸ்யூல் வேண்டாம். மஞ்சள் பால் குடிக்கலாம்.

பூண்டு, மீன் எண்ணெய், ஜின்கோ, வைட்டமின் ஈ ஆகியவற்றின் கேப்ஸ்யூல்கள் இரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கும். ஆஸ்பிரினோடோ டைக்ளோஃபினாக்கோடோ சேர்ந்தால் கசிவு கூடும். குழம்பில் போடும் பூண்டு கணக்கில் வராது.

அதிமதுரம் தொடும் நொதியே வேறு. அது சிறுநீரகத்தில் 11-பீட்டா என்று தொடங்கும் ஒரு நொதியைத் தடுத்து உப்பைத் தேக்கும், பொட்டாசியத்தை இழக்க வைக்கும். டைக்ளோஃபினாக்கும் உப்பைத் தேக்கும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் ஏறும், கால் வீங்கும். தொண்டைக்கு ரெண்டு நாள் மெல்வது பரவாயில்லை, வாரக்கணக்கில் பொடி வேண்டாம்.

சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் கொதிக்க வைத்துக் குடித்தவர்களில் ஈரல் பாதிப்பு கண்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அமுக்கராவுக்கும் அப்படிப்பட்ட பதிவுகள் உண்டு. ஈரலுக்கு ஏற்கெனவே வேலை தரும் மாத்திரைகளோடு இவற்றைச் சேர்க்க வேண்டாம். வெளிநாட்டு பாட்டிலில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று இருந்தால் அது 3ஏ4 நொதியைத் தூண்டும் சரக்கு. கடும் வலிக்கான ஆக்சிகோடோனின் இரத்த அளவைப் பாதியாக்கியிருக்கிறது. முடக்கற்றான் தோசை, பிரண்டைத் துவையல், கொள்ளு ரசம் எல்லாம் சாப்பாட்டு அளவில் தாராளமாகச் சாப்பிடலாம்.

வீக்கத்துக்கென்று விழுங்கும் செராஷியோபெப்டிடேஸ் மாத்திரை ஈரல் நொதிகளைத் தொடுவதில்லை. பலன்தான் கேள்வி. போலி மாத்திரையைவிட மேல் என்று காட்ட முடியாமல் ஜப்பானில் டகேடா நிறுவனம் 2011இல் இதைத் திரும்பப் பெற்றது. நம்மூரில் இன்னும் பாதிச் சீட்டில் இருக்கிறது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்து வருட மூட்டுவலி ஒரே நாளில் பறந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டீராய்டோ டைக்ளோஃபினாக்கோ கலந்திருக்கலாம். முகம் உப்புவது, பசி கூடுவது, சர்க்கரை ஏறுவது அடையாளங்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டதை அன்றே நிறுத்துவதும் ஆபத்து. பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கும்.

எப்போது உடனே போக வேண்டும்

கண் மஞ்சள், தேநீர் நிறச் சிறுநீர், வலது விலாவுக்குக் கீழே வலி; தார் மாதிரி கறுத்த மலம்; எழுப்பினாலும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு; நாள் முழுக்கச் சிறுநீர் வராமை. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். அளவு மீறி விழுங்கியதாகச் சந்தேகம் என்றால் டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் 1800 116 117 எண்ணிலும் கேட்கலாம்.

அறுவை சிகிச்சை நாள் குறித்துவிட்டால் சூரணம், கேப்ஸ்யூல் எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள். ஆஸ்பிரினையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் மட்டும் நீங்களாக நிறுத்தக்கூடாது, டாக்டர் சொல்லும் நாளில்தான்.

எழுதி வைத்த தாளை இரண்டு பேரிடமும் காட்டுங்கள், ஆங்கில மருத்துவரிடமும் சித்த மருத்துவரிடமும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் ஹைகிரவுண்டும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. பல அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு அதே வளாகத்தில் இருக்கிறது. மாத்திரையாலோ மூலிகையாலோ கெடுதல் வந்ததாகத் தோன்றினால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். கூப்பிடும்போது அட்டையும் லேகிய டப்பாவும் கையில் இருக்கட்டும். பேட்ச் எண் கேட்பார்கள்.